ஓய்வும் ஓர் அப்பியாசமே

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில், வீட்டிலே குத்துச்சண்டைப் பயிற்சி செய்யும் வாலிபர்களை முன்னிட்டு நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்துருவம்)





சில நாட்களுக்கு முன் நமது காரியதரிசி என் வீட்டுக்கு வந்து, “ஐயா, எங்கள் பெடியன்கள் பலர் இப்போது வளவுக்குள்ளே மூட்டை கட்டிக் குத்துகிறார்கள். நீங்கள் பழைய ஆள். அவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லவேண்டும்” என்று கேட்டார். நான் பாடசாலை நாட்களிற் கையுறை மாட்டியவன். பின்னர் ஆசிரியனாய் இருந்த காலத்திற் பிள்ளைகளுக்குத் தேகாப்பியாசம் பழக்கியவன். அந்த உரிமை ஒன்றை வைத்துக்கொண்டே இம்மேடையில் நிற்கிறேன்.

ஊக்கமூட்டும் பேச்சுக்கள் இன்று பல கேட்டீர்கள். நான் சொல்லப்போவது அவற்றுக்குச் சற்று மாறானது. “இன்னும் செய்யுங்கள்” என்று சொல்ல நான் வரவில்லை. “எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிந்து செய்யுங்கள்” என்று சொல்லவே வந்தேன்.

குத்துச்சண்டை நம் தீவுக்குப் புதியதன்று. 1938ஆம் ஆண்டு சிட்னி நகரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுப் போட்டியிலே, இலங்கையரான பார்னி ஹென்றிக்கஸ் இறகு எடைப் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றார். அது ஆண்களுக்கு மாத்திரம் உரியதென்ற எண்ணமும் இன்று இல்லை. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் தொட்டுப் பெண்களும் அந்த மேடையில் ஏறுகின்றனர். ஆகவே தங்கைமாரே, நான் சொல்வது உங்களுக்கும் சேர்த்தே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு கதை, நடந்த கதை.

2020ஆம் ஆண்டு பங்குனி மாதம், கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பாடசாலையில்லை, மைதானமில்லை. என் தமக்கையின் மகன் அப்போது உயர்தர வகுப்பு மாணவன். சும்மா இருக்க மாட்டாத பிள்ளை. வீட்டின் பின்வளவில் நின்ற மாமரக் கொப்பிலே, ஓர் உரப்பைக்குள் மணல் நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டான். கைத்தொலைபேசியில் உலக வீரர்கள் பயில்வதைப் பார்த்தான். அவர்கள் காலையும் மாலையும் பயில்கிறார்கள். நானும் அவ்வாறே பயில்வேன் என்று சங்கற்பம் செய்துகொண்டான். காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம், கிழமையில் 7 நாளும்.

நான் அப்போது வேறோர் ஊரில் அடைபட்டிருந்தேன். இரவு தோறும் தொலைபேசியில் அழைத்து, “இன்றைக்கு எத்தனை குத்து, தம்பி?” என்று கேட்பேன். “ஆயிரம், மாமா” என்பான். அடுத்த கிழமை, “ஆயிரத்து ஐந்நூறு, மாமா” என்பான். “சபாஷ்! விடாதே!” என்பேன். பிள்ளை கெட்ட வழியிற் போகாமல் நல்ல வழியில் நிற்கிறானே என்ற பெருமிதம் எனக்கு.

மூன்றாவது கிழமை தமக்கை என்னோடு கதைத்தாள். “தம்பி, இவன் இப்போது தொட்டதற்கெல்லாம் சினக்கிறான். இரவிலே புரண்டு புரண்டு படுக்கிறான். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புகிறான்” என்றாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. “இளம் இரத்தம், அக்கா, சரிவரும்” என்றேன். அவனுடைய குத்தின் வேகமோ நாளுக்கு நாள் குறைந்தது. குறையக் குறைய, தான் போதிய அளவு பழகவில்லை என்று எண்ணி மேலும் கூட்டினான். ஐந்தாவது கிழமை ஒரு மாலைப்பொழுது, களைத்த கை மணிக்கட்டில் மடிந்தது. உரப்பையின் அடியில் மணல் இறுகிக் கல்லாய்க் கிடந்த இடத்திலே வலக்கை மோதிற்று. சின்னி விரலின் அடியெலும்பு முறிந்தது.

வலக்கை, எழுதும் கை. உயர்தரப் பரீட்சை பின்னர் ஐப்பசியில் நடந்தது. நல்ல காலம், கை அதற்கிடையில் ஆறிவிட்டது, பரீட்சையும் எழுதினான். ஆனால் அவனுடைய நித்திரையும் பசியும் மனத்தெளிவும் பழைய நிலைக்குத் திரும்ப ஆவணி மாதமாயிற்று. படிக்கவேண்டிய மாதங்களிற் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்திருந்தான் என்று தமக்கை பிறகு சொல்லி அழுதாள்.

அவன் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறான். அவனுடைய சம்மதம் பெற்றே இதைச் சொல்கிறேன்.

அவனுடைய குற்றம் சோம்பல் அன்று. அளவறியாத ஊக்கமே அவனைக் கெடுத்தது. என்னுடைய குற்றம் அதனிலும் பெரிது. நாள்தோறும் குத்தின் கணக்கைக் கேட்ட நான், ஒரு நாளாவது, “நேற்று நன்றாக நித்திரை கொண்டாயா?” என்று கேட்கவில்லை.

அன்பர்களே! குத்துச்சண்டையின் விதியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பழைய காலத்திலே இங்கிலாந்தில் வெறுங்கையாற் சண்டையிட்டார்கள். ஒருவன் கீழே விழும்வரை ஒரு சுற்று நீண்டுகொண்டே போகும். 1867ஆம் ஆண்டு குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளியான விதிகளே இன்றைய முறைக்கு அடிப்படையாயின. கையுறை அணியவேண்டும், ஒரு சுற்று 3 நிமிடம், சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் 1 நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடம் யாரும் இரங்கிக் கொடுக்கும் சலுகையன்று. அது விதி. மணி அடித்தால் உலக வீரனும் தன் மூலைக்குப் போகவேண்டும். ஓய்வையே சட்டமாக்கி வைத்திருக்கும் ஒரு விளையாட்டை, ஓய்வின்றிப் பழக முற்படுவது எவ்வளவு பேதைமை! மேலும், ஒலிம்பிக் மேடையில் ஒரு போட்டிக்கு 3 நிமிடச் சுற்றுக்கள் மூன்றே. மொத்தம் 9 நிமிடம். என் மருமகனோ நாளொன்றுக்கு 120 நிமிடம் மூட்டையோடு போராடினான்.

“உலக வீரர்கள் அப்படியா அடக்கி வாசிக்கிறார்கள்?” என்று தம்பிமார் கேட்கலாம். 1974ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள், ஆபிரிக்காவிலே கின்ஷாசா நகரில், முகமது அலியும் ஜோர்ஜ் ஃபோர்மனும் மோதினர். ஃபோர்மன் இளையவர், அதற்கு முந்திய பட்டப் போட்டிகளில் எதிராளிகளை இரண்டு சுற்றுக்குள் வீழ்த்தியவர். அலி என்ன செய்தார்? கயிற்றிலே சாய்ந்து, கைகளால் முகத்தைக் காத்துக்கொண்டு, எதிராளியின் பலம் முழுவதையும் செலவழிக்க விட்டார். எட்டாவது சுற்றிலே பலம் தீர்ந்து நின்ற ஃபோர்மனை வீழ்த்தினார். பலத்தைச் சேமிக்கத் தெரிந்தவரே அன்று வென்றார்.

சரி, ஓய்வு ஏன் வேண்டும்? உடல் களைப்பதற்காகவா? அதுமட்டுமன்று. நம்மிற் பலர், அப்பியாசம் செய்யும் வேளையிலேயே பலம் வருகிறது என்று எண்ணுகிறோம். உண்மை மறுதலையானது. அவ்வேளையில் உடல் பலத்தைச் செலவிடுகிறது. தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. தசையிற் சேர்த்து வைத்த சக்தி கரைகிறது. பலம் வருவது பின்னர், நாம் உண்டு உறங்கும்போது. உடல் சிதைவைச் செப்பஞ் செய்து, முன்னிருந்ததினும் சற்று வலிதாகக் கட்டுகிறது. கட்டி முடியுமுன் மறுபடியும் இடித்தால், வீடு எப்படி எழும்?

இதை விளங்கிக்கொள்ள நாம் தூரம் போகவேண்டியதில்லை. குடாநாட்டுக் கிணறுகளைப் பாருங்கள். இறைத்த கிணறு ஊறும் என்பது பழமொழி. காலையில் அளவாக இறைத்துவிட்டு விட்டால், மறுநாள் விடியலில் நல்ல தண்ணீர் ஊறியிருக்கும். ஆனால் சுண்ணக்கல்லுக்குள்ளே மழை தந்த நன்னீர், கடலின் உவர்நீர்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இயந்திரத்தை வைத்து நாள் முழுவதும் இழுத்தால், நன்னீர் மெலிந்து கீழிருந்து உவர் ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு இனிக்கப் பல மாரி வேண்டும். நம் தேகமும் அத்தகைய கிணறே. இறையாமல் விட்டாற் பாசி பிடிக்கும். அளவின்றி இறைத்தால் உவர் தட்டும்.

விஞ்ஞானிகளும் இதையே கண்டார்கள். ஹான்ஸ் செலியே என்ற அறிஞர் கனடாவின் மொன்றியல் நகரிலே எலிகளை ஆராய்ந்து, 1936ஆம் ஆண்டு ஓர் உண்மையை வெளியிட்டார். குளிரோ, காயமோ, மிதமிஞ்சிய தசையுழைப்போ எதுவாயினும், உடல் முதலில் திடுக்கிடுகிறது. பின் எதிர்த்து நின்று பழகிக்கொள்கிறது. தாக்கம் ஓயாவிடில் இறுதியிற் சோர்ந்து விழுகிறது என்றார். ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அறிஞர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட கூட்டறிக்கை ஒன்றில் மிகைப்பயிற்சியைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். முதற்படியில், சில நாள் ஓய்ந்தால் உடல் தேறி முன்னிலும் சிறக்கும். இரண்டாம் படியில், கிழமைக் கணக்காக ஓய்ந்தும் முன்னிருந்த நிலையைப் பிடிப்பதே பெரும்பாடு. மூன்றாம் படி ஒரு நோய். அது நீங்க மாதங்கள் செல்லும். முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே வேலி எதுவும் கிடையாது என்பதே அபாயம்.

ஆகவே திட்டம் வேண்டும். எழுதி வைத்த திட்டம் வேண்டும். ஒரு கொப்பியை எடுத்து, கிழமையின் 7 நாளையும் எழுதுங்கள். முதலில் எதைக் குறிப்பீர்கள்? ஓய்வு நாட்களைக் குறியுங்கள். எஞ்சிய நாட்களே பயிற்சி நாட்கள். புதிதாகத் தொடங்குபவருக்குத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய 3 நாட்கள் போதும். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் ஒரு நடை, சைக்கிளில் நூல்நிலையத்துக்கு ஒரு பயணம், தோளையும் இடுப்பையும் மெல்ல நீட்டி மடக்குதல், இவ்வளவே. ஞாயிறு முழு ஓய்வு.

ஒரு நாட் பயிற்சியின் ஒழுங்கைச் சொல்கிறேன், வேண்டியவர் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் 8 நிமிடம் உடலைச் சூடேற்றல். மெதுவாகக் கயிறடித்தல்; மணிக்கட்டு, தோள், இடுப்பு, முழங்கால்களைச் சுழற்றுதல். அதன்பின் நிழற்குத்து, அதாவது எதிரில் ஒருவன் நிற்பதாகப் பாவித்து வெறுவெளியிற் குத்துதல். 2 நிமிடச் சுற்று 3. அதன்பின் மூட்டை, அதுவும் 2 நிமிடச் சுற்று 3. எந்தச் சுற்றுக்கும் பின்னால் 1 நிமிட ஓய்வு தப்பக்கூடாது. மணியில்லாவிட்டால் தம்பியோ தங்கையோ கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பின்னர் 10 நிமிடம் தண்டால், குந்தி எழும்புதல், வயிற்றுத் தசைக்குரிய அப்பியாசம். கடைசி 5 நிமிடம் மெல்ல நடந்து மூச்சை ஆற்றுதல். எல்லாமாக ஏறக்குறைய 40 நிமிடம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நோக்கம் இருக்கட்டும். ஒரு சுற்றில் இடக்கையின் நேர்குத்து மாத்திரம். அடுத்ததில் இடம், வலம் என்று இரண்டு. மூன்றாவதிற் குத்திவிட்டு விலகும் காலடி. முழுப் பலத்தோடு குத்தவேண்டாம். 10க்கு 6 பங்கு பலம் போதும். ஓய்வு நிமிடம் முடிந்தும் உங்களால் ஒரு சிறு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்ல முடியாவிட்டால், இன்னொரு நிமிடம் ஓய்ந்துவிட்டுத் தொடங்குங்கள். காலடி இடறத் தொடங்கினால், காக்கும் கை தாழத் தொடங்கினால், அன்றைக்கு அவ்வளவே. பிழையான குத்தை நூறு முறை குத்துபவன் பிழையையே பழகுகிறான்.

இப்படி 3 நாள் செய்தாற் கிழமைக்கு 120 நிமிடம். இது சொற்பமென்று நினைக்கவேண்டாம். வளர்ந்தவர் ஒருவருக்குக் கிழமையில் 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பும், தசையை வலுவாக்கும் அப்பியாசம் குறைந்தது 2 நாளும் வேண்டுமென்று 2020ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துரைத்தது. நமது கணக்கு அதற்குள் நன்றாக அடங்குகிறது.

பின் எப்படிக் கூட்டுவது? ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் கூட்டுங்கள். சுற்றின் எண்ணிக்கை, சுற்றின் நீளம், குத்தின் பலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கூட்டவேண்டாம். முதற் கிழமை மூட்டையில் 3 சுற்று. இரண்டாங் கிழமை 4. மூன்றாங் கிழமை 5. நான்காங் கிழமை மறுபடியும் 3க்கு இறங்குங்கள். இறங்கும் அந்தக் கிழமையிலேதான் முன் மூன்று கிழமையின் பலன் உடலிற் படியும். அடுத்த மாதம் 4 சுற்றிலிருந்து தொடங்கலாம். 6 சுற்று இலேசாக வரும் காலத்திற் சுற்றின் நீளத்தை 3 நிமிடமாக்குவது பற்றி யோசிக்கலாம்.

செய்த வேலையை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. கார்ல் ஃபோஸ்டர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வழக்கிற் கொண்டுவந்தது. பயிற்சி முடிந்து சிறிது நேரத்தின்பின், “இன்று எவ்வளவு கடினமாயிருந்தது?” என்று உங்களையே கேட்டு, 0 முதல் 10 வரை ஒரு புள்ளி இடுங்கள். அதைப் பயிற்சி நிமிடங்களாற் பெருக்குங்கள். 40 நிமிடம், கடினம் 5 என்றால் 200. கிழமைக்கு 3 நாள் என்றால் 600. என் மருமகனின் கணக்கை நானும் அவனும் பிற்காலத்தில் இருந்து போட்டுப் பார்த்தோம். 60 நிமிடம், கடினம் 8. ஒரு வேளைக்கு 480. கிழமைக்கு 14 வேளை, 6720. புதியவன் தாங்கக்கூடியதைப்போல் 11 மடங்குக்கு மேல்! கணக்கைக் கண்டதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மௌனமாய் இருந்தோம்.

இந்தக் கணக்கில் வேறு உழைப்பும் சேரும் என்பதை மறத்தலாகாது. தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் தம்பிக்கும், கடலில் வலை இழுக்கும் தம்பிக்கும், நாள் முழுவதும் கடையில் நின்று வேலை செய்யும் தங்கைக்கும் அந்த உழைப்பு ஒரு பங்கு. பரீட்சைக்காகக் கண் விழிப்பதும் ஒரு பங்கே. உடல் “இது வேலைக் களைப்பு, இது விளையாட்டுக் களைப்பு” என்று பிரித்து வைப்பதில்லை. வெட்டும் நடுகையும் மிகுந்த கிழமையிலும், பரீட்சைக் கிழமையிலும் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் மூட்டையைத் தொடவேண்டாம். வெறுவயிற்றோடு குத்துவது விரதமும் அன்று, அப்பியாசமும் அன்று.

கையைக் காக்கும் வகை பற்றியும் ஒரு வார்த்தை. மூட்டைக்குள் மணலை மட்டும் நிரப்பாதீர்கள். அது கீழே இறங்கிக் கல்லாகிவிடும். பழந்துணியைக் கிழித்து இறுக நிரப்புங்கள். உரமான மரக்கொப்பிற் கட்டுங்கள். பழைய வீட்டின் வளையிற் கட்டி, கூரையைத் தலையில் இறக்கிக்கொள்ளாதீர்கள். மணிக்கட்டையும் விரல் மொழிகளையும் துணிப்பட்டியாற் சுற்றி, அதன்மேற் கையுறை அணியுங்கள். சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய இரண்டின் மொழிகளே முதலிற் படவேண்டும். மணிக்கட்டு முன்கையோடு நேராக நிற்கவேண்டும். அண்ணன் தம்பி இருவரும் விளையாட்டாக ஒருவர் தலையில் ஒருவர் குத்திப் பழகுவது வேண்டவே வேண்டாம். மூளைக்குப் படும் அடியைத் துணிப்பட்டி தடுக்காது. எதிராளியோடு பழகுவது தேர்ந்த பயிற்சியாளரின் கண்முன்னே நடக்கவேண்டிய காரியம்.

அளவு மிஞ்சிவிட்டதை எப்படி அறிவது? உடல் நமக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறது. நாம் பிரித்துப் படிப்பதில்லை. புதிய அப்பியாசத்தின் பின் ஓரிரு நாள் தசைநோ இருப்பது இயல்பு. 3 நாள் கழிந்தும் குறையாவிட்டால் ஓய்ந்திருங்கள். மூட்டிலோ எலும்பிலோ குத்தும் நோ கண்டால் அன்றே நிறுத்துங்கள். காலையில் எழுந்திருக்குமுன் படுக்கையிற் கிடந்தபடியே ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் கொப்பியிற் குறியுங்கள். உங்கள் வழக்கமான கணக்கைவிட அது சில நாள் தொடர்ந்து ஏறியிருந்தாற் கவனம் வேண்டும். நாடி ஒன்றையே சாட்சியாகக் கொள்ளவேண்டாம். வெக்கையாலும் கவலையாலும்கூட அது ஏறும். மற்றச் சாட்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். நித்திரை கெடுகிறதா? பசி மந்தமா? காரணமின்றிச் சினம் வருகிறதா? தடிமனும் தொண்டை நோவும் அடிக்கடி வருகின்றனவா? எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியைக் கூட்டக் கூட்டத் திறமை குறைகிறதா? இவற்றுள் இரண்டு மூன்று ஒன்றுசேர்ந்தால், ஒரு கிழமை மூட்டையை அவிழ்த்து வைத்துவிடுங்கள். ஒரு கிழமையாற் பலம் ஓடிப்போய்விடாது.

அப்படியும் தேறாவிட்டால் வைத்தியரிடம் செல்லுங்கள். இரத்தச்சோகை முதலான வேறு நோய்களும் இதே வேடத்தில் வரக்கூடும். காய்ச்சல் கண்டால் ஒரு குத்துக்கூடக் குத்தாதீர்கள். நம் நாட்டிலே காய்ச்சலென்றால் டெங்குவையும் நினைக்கவேண்டும். நெஞ்சுநோ, மயக்கம், கடும் பயிற்சிக்குப்பின் சிறுநீர் கடுந்தேயிலைச் சாயம்போல் கறுத்துப் போதல், இவை கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தசை அளவின்றிச் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் அறிகுறி அந்தக் கறுப்பு.

மருந்து என்னவென்றால், அது கடையில் விற்பதன்று, நித்திரைதான். 13 முதல் 18 வயதுள்ளவர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம், வளர்ந்தவர்க்கு 7 மணித்தியாலமாவது வேண்டும். கைத்தொலைபேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். வெயில் ஏறுமுன்னரோ, சாய்ந்தபின்னரோ பயிலுங்கள்; தாகம் எடுக்க முன்னரே தண்ணீர் அருந்துங்கள். சோறு, பருப்பு, முட்டை, மீன், பயறு, கீரை என்று வீட்டில் உள்ளதை வயிறார உண்ணுங்கள். பெட்டியில் விற்கும் மாவை வாங்கித் தகப்பனாரின் சம்பளத்தைக் கரைக்கவேண்டாம்.

பெரியோர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். இளைஞன் ஒருவன் ஓய்வு நாளில் விறாந்தையில் உட்கார்ந்திருந்தால், “என்ன, மூன்று நாளில் அலுத்துவிட்டதோ?” என்று பரிகசிக்கிறோம். அவன் நோவைச் சொன்னால், “எங்கள் காலத்தில் நாங்கள் இப்படியா?” என்கிறோம். நம் காலத்திலும் முறிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் மேடையேறிப் பேசாதபடியால் நமக்குத் தெரியவில்லை. நாம் சொல்லும் ஒரு சொல், பிள்ளை தன் உடல் சொல்வதைக் கேளாதபடி செவியை அடைத்துவிடும். நான் அடைத்தவன், ஆகையாற் சொல்கிறேன்.

என் மருமகன் இன்று கிழமைக்கு 3 நாள் பயில்கிறான். அயலிலுள்ள சிறுவர் நால்வருக்குக் காலடியும் நேர்குத்தும் சொல்லிக் கொடுக்கிறான். மாமரத்தில் இப்போது துணி நிரப்பிய மூட்டை தொங்குகிறது. போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது, அவன் கையிற் கடிகாரத்தோடு நின்று, “மணி! கையை இறக்கு, மூச்சை விடு” என்று ஒரு சின்னப் பெடியனை அதட்டிக்கொண்டிருந்தான். பெடியனோ, “அண்ணை, எனக்கு இன்னும் ஏலும்” என்றான். “ஏலும் என்கிறபோதே நிற்கப் பழகவேண்டும்” என்றான் இவன். நான் ஒன்றும் பேசாமற் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தேன்.

தம்பி தங்கையரே, மூட்டையைக் கட்டுங்கள், உற்சாகமாகக் குத்துங்கள். ஆனாற் கொப்பியில் ஓய்வு நாளை முதலில் எழுதுங்கள். பெரியோர்களே, நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் எத்தனை குத்து என்று கேட்குமுன், நன்றாக நித்திரை கொண்டாயா என்று கேளுங்கள்.